இடது கையால் மடங்கும் வண்டி

எங்கள் தெருமுனையில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், பெண்களுக்கு முடி வெட்டும் கடை ஒன்று இருக்கிறது. படியேறினால் முதலில் ஷாம்பு வாசனை வரும், பிறகு அவள் குரல் வரும், கடைசியில்தான் அவள் கண்ணில் படுவாள். அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கத்தரி. கையில் இருப்பதை வைத்து வந்த பெயரா, வாயை வைத்து வந்த பெயரா என்று கேட்டால், "ரெண்டும் கூர்மைதானே" என்பாள். நான் பல வருடங்களாக அவளிடம்தான் தலையைக் கொடுக்கிறேன். அவள் இரண்டு குழந்தைகளோடு தனியாக விமானம் ஏறிய கதையில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள், என் முடியை ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்து நின்றபடி.

அவள் கணவன் லிஃப்ட் பொருத்தும் வேலை செய்கிறவன். கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்துக்குக் கம்பெனி அவனை அனுப்பியிருந்தது. அவன் கிளம்பும்போது மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. மகன் பிறக்கவே இல்லை. மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். மகன் பூசணி. ஏன் அந்தப் பெயர் என்று அவனை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் கடை ஓய்கிற நேரத்தில் கணவனும் மனைவியும் வீடியோவில் பேசுவார்கள். கொஞ்ச நாளாக அவன் தன் முகத்தை மட்டும் மிக நெருக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தான். பின்னால் எப்போதும் ஒரு தலையணை.

"எப்பப் பாத்தாலும் படுத்துக்கிட்டே பேசறீங்களே, என்னங்க?" என்று கேட்டால், "வேலை ஜாஸ்தி. அசதி" என்பான்.

ஒருநாள் போன் அவன் கையிலிருந்து நழுவியது. நழுவியது கவிழ்ந்தாவது விழுந்திருக்கலாம். அது எதன்மீதோ சாய்ந்து நின்று, கட்டிலையும், இடுப்பிலிருந்து முழங்கால்வரை கட்டுப் போட்ட காலையும், சுவரில் சாய்த்து வைத்த இரண்டு ஊன்றுகோல்களையும் ஒரே பார்வையில் காட்டிவிட்டது. நான் அப்போது தலையில் சாயம் பூசிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் காத்திருந்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்ப விழுந்தீங்க?"

"லிஃப்ட் குழிக்குள்ள ஏணி சறுக்கிடுச்சு. பெரிய உயரமெல்லாம் இல்ல. எலும்புல தகடு வச்சுட்டாங்க. கம்பெனி எல்லாத்தையும் பாத்துக்குது. நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

"யாரு எழுப்பி உக்கார வைக்கறா?"

"ரூம்ல இருக்கற பசங்க இருக்காங்க."

"அவங்க வேலைக்குப் போனப்புறம்?"

அவன் தலையணையைச் சரிசெய்துகொண்டான்.

"சரி. நான் வர்றேன்."

"விளையாடாத. நேர் விமானம் கிடையாது, நடுவுல ஒரு ஊர்ல இறங்கி மாறணும். அந்த ஏர்போர்ட்ல ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்குப் போறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்கும். ஒண்ணு ஓடும், இன்னொண்ணு இடுப்ப விட்டு இறங்காது. உன் மணிக்கட்டு இருக்கற லட்சணத்துக்கு..."

"மணிக்கட்ட நான் பாத்துக்கறேன். நீங்க கம்பெனில குடும்பத்துக்கு வீடு கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடக்கணக்காகக் கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வலது கை நரம்பு தேய்ந்து போயிருந்தது. டாக்டர் பட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார். "முடி கனம் இல்லயே டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து அடுத்த தலையை வெட்ட ஆரம்பித்தவள் அவள். ஆனால் பூசணி முடி அல்ல. அவனை வலது கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் பரவியதும், கடைக்கு வந்த ஒவ்வொரு தலையும் ஒரு யோசனையைக் கொடுத்துவிட்டுப் போனது. பெரியவளை விட்டுவிட்டுப் போ என்றாள் ஒருத்தி. சின்னவனை விட்டுவிட்டுப் போ என்றாள் இன்னொருத்தி. நீ போகாதே, அவனை இங்கே வரச் சொல் என்றாள் மூன்றாமவள், காலில் தகடு இருப்பது நினைவில்லாமல். தள்ளுவண்டி ஒன்று வாங்கிக்கொள் என்று சொன்னது நான்தான்.

"தள்ளுவண்டியா? நான் என்ன காய்கறியா விக்கப் போறேன்?" என்றாள். ஆனால் அன்றைக்கே அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தம்பிமேல் உயிர். தன் மகன் குழந்தையாக இருந்தபோது வாங்கிய வண்டியைத் துடைத்து, உறை போட்டு, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து கடைக் கூடத்தில் நிறுத்தியபோது பாதிக் கூடம் காணாமல் போனது. குடை, மெத்தை, பால் புட்டி வைக்க இடம், மழைக்கு ஒரு திரை, கீழே ஒரு பெரிய கூடை, சைக்கிளில் பாதி இருக்கும் சக்கரங்கள்.

"இதுல போட்டா ராஜாவாட்டம் தூங்குவான். புதுசெல்லாம் எதுக்கு? இத எடுத்துட்டுப் போம்மா" என்றாள் நாத்தனார்.

"சரிங்க அண்ணி" என்றாள் கத்தரி. அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் எதையும் முதலில் பழந்துணியில் வெட்டிப் பார்க்கிற புத்தி அவளுக்கு. கடைக்கு விடுமுறை நாளில் இரண்டு குழந்தைகளையும், துணி அடைத்த ஒரு பெட்டியையும், அந்த அரண்மனை வண்டியையும் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். எந்த ரயிலையும் பிடிக்க அல்ல. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்ப முடிகிறதா என்று பார்க்க.

முடியவில்லை. நுழைவாயிலில் வண்டி சிக்கிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். காவலர் வந்து பக்கத்துக் கதவைத் திறந்து விட்டார். பூசணி உண்மையிலேயே ராஜா மாதிரி மெத்தையில் கிடந்தான். வாலு பாதி நடைமேடைவரை குதித்துக்கொண்டு வந்தாள், பிறகு நடந்தாள், பிறகு நின்றாள், பிறகு அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"எழுந்திரு கண்ணு. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"கால் தீந்து போச்சு" என்றாள் வாலு.

பையனை வண்டியில் விட்டுவிட்டுப் பெண்ணைத் தூக்கினால் வண்டியைத் தள்ள முடியாது. வண்டியைத் தள்ளினால் பெட்டியை இழுக்க முடியாது. கத்தரி நடைமேடையில், பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மகள் தரையில், மகன் மெத்தையில், தான் பெட்டியில். ரயில்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. எல்லோரும், அவளும் சேர்த்து, வண்டி கைக்குழந்தைக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தை ஆளைப் படுத்துகிறதே இல்லை. அவனை ஒரு பை போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டால் தோள்தான் சுமக்கும், மணிக்கட்டு தப்பும். படுத்தப் போவது பெரியவள். நடக்கத் தெரிந்தவளுக்குத்தான் வண்டி வேண்டும்.

மறுநாள் விமானக் கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒரு வாடிக்கையாளருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் போட்டு, பாட்டு முடிந்து ஆள் வரும்வரை காத்திருந்தாள். வந்த பெண் மரியாதையாகப் பேசினாள்.

"குழந்தை வண்டிய விமானத்தோட கதவு வரைக்கும் தள்ளிட்டு வரலாம் மேடம். அங்க எங்க ஆளுங்க வாங்கிக் கீழ சரக்கு ஏத்தற இடத்துல வச்சுடுவாங்க."

"இறங்கும்போது கதவுகிட்டயே திருப்பிக் குடுப்பீங்களா?"

"அது அந்தந்த ஏர்போர்ட்டப் பொறுத்தது மேடம்."

"நான் நடுவுல மாறணும். அங்க?"

"சில சமயம் பெட்டிகளோட சேர்ந்து கடைசி ஊருக்கே போயிடும்."

"அப்ப எனக்கு எங்க வண்டி வேணுமோ அங்க வண்டி இருக்காது."

"மடிச்சா கைப்பெட்டி அளவுக்கு வந்துச்சுன்னா, தலைக்கு மேல இருக்கற தட்டுல வைக்கலாம் மேடம். தட்டுல இடம் இருந்தா."

"அளவு சொல்லுங்கம்மா" என்றாள் கத்தரி. எண்ணெய்க் கையோடு சுவர்க் கண்ணாடியிலேயே அளவை எழுதினாள். வாடிக்கையாளர் முகத்துக்கு நேராக நீளம், அகலம், உயரம் மூன்றும் வரிசையாக மினுங்கின.

ஷாம்பு வந்த அட்டைப் பெட்டிகள் கடையின் பின்னால் குவிந்து கிடந்தன. இரண்டை வெட்டி ஒட்டி, சரியாக அந்த அளவுக்கு மூடி இல்லாத ஒரு பெட்டி செய்தாள். பூசணியை நெஞ்சில் கட்டிக்கொண்டு, வாலுவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு குழந்தைச் சாமான் கடைக்குக் கிளம்பினாள். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் பேசத் தெரிந்தவர். முதலில் தும்பைப்பூ நிறத்தில் ஒரு வண்டியைக் காட்டினார். தோல் கைப்பிடி, மெத்தென்ற இருக்கை.

"மடிச்சுக் காட்டுங்க" என்றாள்.

அவர் குனிந்து, இரண்டு பக்கமும் இரண்டு பொத்தானை அழுத்தி, காலால் ஒரு கம்பியை மிதித்து, நிமிர்ந்து சிரித்தார்.

"ரெண்டு கை, ஒரு கால். எனக்கு இருக்கறதே ஒரு கை. அதுவும் இடது கை. அடுத்தது காட்டுங்க."

அடுத்தது குடை மாதிரி சுருங்கியது. இறகு போல லேசு. விலையும் லேசு. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அவள் அதை வாங்கி அட்டைப் பெட்டிக்குள் நிறுத்தினாள்; பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"மேடம், இதெல்லாம் யாரும் இவ்ளோ கறாரா பாக்கறதில்ல" என்றார் கடைக்காரர்.

"விமான வாசல்ல நிறுத்துனா நீங்களா வந்து பேசப் போறீங்க?"

மூன்றாவது பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு கையில் மடங்கவும் செய்தது. ஆனால் வாலுவை உட்கார வைத்தபோது தலை குடையில் இடித்தது, முழங்கால் மூக்குக்கு வந்தது. அது கைக்குழந்தைகளுக்கானது, இவள் எடைக்குத் தாங்காது என்று அடியில் ஒட்டியிருந்த சீட்டே சொன்னது. வாலு இறங்க மாட்டேன் என்று அழுதாள். இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான்காவது, மூலையில், தூசி படிந்து நின்றது. சாம்பல் நிறம். பார்க்க ஒன்றுமே இல்லை. கடைக்காரர் அதைக் காட்டத் தயங்கினார்.

"இது முழுசா படுக்க வராது மேடம், கொஞ்சம்தான் சாயும். சக்கரமும் சின்னது. கரடுமுரடான ரோட்டுல தட்டும்."

"நான் ரோட்டுல ஓட்டப் போறதில்ல. ஏர்போர்ட் தரை வழவழன்னு இருக்கும். மடிங்க. இருங்க, நானே மடிக்கறேன்."

இடது கையால் கைப்பிடியில் இருந்த பொத்தானை அமுக்கி ஒரு திருகு திருகினாள். வண்டி முழங்கால் மடக்கி உட்காருகிற ஆள் மாதிரி தானாகச் சுருண்டு சதுரமானது. தோளில் மாட்ட ஒரு வார் இருந்தது. பெட்டிக்குள் போட்டாள், அடங்கியது. வெளியே எடுத்து விரித்து வாலுவை உட்கார வைத்தாள். தலை இடிக்கவில்லை, கால் தொங்கவில்லை. கடை முழுக்க ஒரு சுற்று தள்ளினாள். மறுபடி மடித்தாள். மறுபடி விரித்தாள். பூசணி நெஞ்சில் தூங்கிக்கொண்டே இருந்தான்.

"இதான்" என்றாள்.

அரண்மனை வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் கஷ்டமாகிவிட்டது. நாத்தனார் வாசலிலேயே நின்றாள்.

"என் வண்டி உனக்கு ஆகல. அப்படித்தானே?"

"வண்டிக்கு ஒரு குறையும் இல்லங்க அண்ணி. மடிச்சா மேல தட்டுல வைக்க முடியல."

"நான் கூட வர்றேன்னாலும் வேணாம்ங்கற. வண்டி குடுத்தாலும் வேணாம்ங்கற. எல்லாத்தையும் நீயே பண்ணிடுவ."

"அண்ணி, உங்களுக்கு விமானம்னாலே தல சுத்தும். உங்களையும் சேத்து நான் மூணு பேரத் தூக்கணும்" என்றாள் கத்தரி. வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் உள்ளே வரச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் சில நாள் பேச்சு அளவோடுதான் இருந்தது.

விசா, டிக்கெட், கணவன் கம்பெனி கொடுத்த சின்ன வீடு எல்லாம் ஒவ்வொன்றாகக் கூடி வந்தன. இடைப்பட்ட நாள்களில் கடையில் ஆள் இல்லாத போதெல்லாம் அவள் வண்டியை மடித்துப் பழகினாள். நனைந்த துண்டுகளை மூட்டையாகக் கட்டி வலது இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், இடது கையால். சில நாள் சிக்கிக்கொள்ளும். திட்டுவாள். மறுபடி ஆரம்பிப்பாள். கிளம்புகிற வாரத்தில், யாரிடமோ பேசிக்கொண்டே மடிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். அவள் பேசாமல் இருக்கிற நேரம் குறைவு என்பதால் அது முக்கியம்.

விமான நிலையத்துக்கு நாத்தனாரும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தம்பிக்கென்று ஒரு பை நிறைய மருந்தும் மாத்திரையும் கொண்டுவந்தாள். "அத மடிச்சுக் காட்டு" என்றாள் வண்டியைப் பார்த்து. கத்தரி மடித்துக் காட்டினாள். நாத்தனார் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். பிறகு குனிந்து சக்கரத்தில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டாள்.

சோதனை செய்யுமிடத்தில் வண்டி இயந்திரத்துக்குள் போனதும் வாலு ஊரையே கூட்டினாள். "என் வண்டிய அது தின்னுடுச்சு" என்று அவள் அலறிய அலறலில் அதிகாரி ஒருவர் எழுந்து வந்து, மறுபக்கம் அழைத்துப்போய், அது வெளியே வருவதைக் காட்டினார். வந்ததும் ஏறி உட்கார்ந்தவள் விமானம்வரை இறங்கவில்லை.

விமானத்தின் வாசலில்தான் சிக்கல். சீருடை போட்ட ஒருவன் கையில், சாமானில் கட்டும் சீட்டு அட்டையோடு வந்தான். "வண்டியக் குடுங்க மேடம், கீழ போட்டுடறோம்."

"மேல வைக்கற வண்டிங்க இது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"உங்ககிட்ட அளக்கற கூடு இருக்குல்ல? வச்சுப் பாக்கறேன். போகலன்னா நானே உங்க கையில குடுக்கறேன்."

பெண்ணை இறக்கினாள். இடது கையால் மடித்தாள். பூசணி நெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தான். இரும்புக் கூட்டுக்குள் வண்டியை இறக்கினாள். ஒரு சக்கரம் மட்டும் விளிம்பில் முட்டி நின்றது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் செய்த அட்டைப் பெட்டி வளைந்து கொடுத்திருந்தது, இரும்பு கொடுக்கவில்லை. அவள் தயங்கவில்லை, குனிந்து அந்தச் சக்கரத்தை உள்பக்கமாகத் திருப்பினாள். வண்டி தடக்கென்று அடிவரை இறங்கியது. அவன் கையிலிருந்த அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நல்லாத்தான் வாங்கியிருக்கீங்க" என்றான்.

நடுவில் மாறும் ஊரில் இறங்கியபோது, அவள் பயந்த இடம் எதிரே நீண்டு கிடந்தது. கண்ணாடிச் சுவர்கள், ஓடும் நடைபாதைகள், எண் போட்ட வாசல்கள். விமானக் கதவருகே நாலைந்து குடும்பங்கள் தங்கள் வண்டி வருமா வராதா என்று தெரியாமல் நின்றன. ஒரு அப்பா இரண்டு குழந்தைகளையும் ஆளுக்கொரு தோளில் சாய்த்துக்கொண்டு சுவரில் முட்டுக் கொடுத்து நின்றார். கத்தரி வண்டியை விரித்தாள். வாலு உட்கார்ந்த மாத்திரத்தில் கண் சொருகினாள். அவ்வளவு தூரமும் அவள் தூங்கிக்கொண்டே வந்தாள். பூசணி நெஞ்சில், பை முதுகில், வண்டி இடது கையில். ஒருமுறை வழி தவறித் திரும்பினாள். ஒருமுறை நின்று தண்ணீர் குடித்தாள். அடுத்த விமானத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஆள் ஏற்ற ஆரம்பிக்கவே இல்லை.

"என்னமோ தெரியல, அப்பதான் பசிச்சுது. நடக்கும்போது பசிக்கல" என்று என்னிடம் சொன்னாள்.

இரண்டாவது விமானத்தில் தட்டெல்லாம் நிறைந்துவிட்டது. பணிப்பெண் வந்து வருத்தத்தோடு வண்டியைக் கீழே அனுப்ப வேண்டும் என்றாள். கத்தரி வாதாடவில்லை. இதுதான் கடைசி ஊர். இறங்கிய பிறகு தரையில் எங்கே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம். "எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டு, இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே கணவன் ஊன்றுகோல்களோடு, கூடப் பணிசெய்யும் ஒருவரின் தோளருகே நின்றிருந்தான். மெலிந்திருந்தான். வாலு வண்டியிலிருந்து இறங்கி, அவனைச் சுற்றி ஒரு முறை நடந்து, கீழிருந்து மேல்வரை பார்த்தாள். "அப்பாவுக்குக் கால் இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னாள். பூசணி அவனைப் பார்த்து அழுதான். முதன்முதலாகப் பார்க்கிறவன் யாராக இருந்தாலும் அழுவான்.

"நெஜமாவே தனியா வந்துட்டியா?" என்றான் கணவன்.

"மூணு பேரா வந்தோம்" என்றாள்.

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "முடி என்ன இப்படி வளந்திருக்கு" என்றாள்.

மறுநாளே அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் என்ன செய்யச் சொல்கிறார் என்று நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாள். வீடு மாடியில் இருந்தது. படி இறங்கு என்றால் அவன் நாளைக்கு என்பான். இன்றைக்கு என்பாள் அவள். இருவருக்கும் படியிலேயே சண்டை நடக்கும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். முதலில் ஒரு வளைவுவரை, பிறகு தெருவாசல்வரை, பிறகு தெருமுனைக் கடைவரை. ஒருநாள் காலையில் அவள் பூசணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அவனே ஒற்றை ஊன்றுகோலோடு இறங்கிப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். ரொட்டி நசுங்கியிருந்தது. அவள் அதையே தட்டில் எடுத்து வைத்தாளாம்.

விசா முடிந்தபோது அவன் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தான். கம்பெனி அவனைக் குழிக்குள் அனுப்பாமல் பட்டறையில் உட்கார வைத்தது. திரும்பி வருவதற்குத் துணை அனுப்பட்டுமா என்று நாத்தனார் போனில் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டுக் கத்தரி, வந்து இறங்கும் நாளைக்கூட யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை மருந்துக் கடைக்குப் போன நான், மேலே ஷட்டர் திறக்கிற சத்தம் கேட்டுப் படியேறினேன். பூசணியை நெஞ்சில் கட்டிக்கொண்டு தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூலையில், சாம்பல் வண்டியில், வாலு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்த?"

"நேத்து. உக்காருங்க, உங்க தலயப் பாக்கவே சகிக்கல" என்றாள்.